நூலும் நூலும்



நம் தமிழ் மொழியில் 'நூல்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. பஞ்சைத் திரித்து எடுக்கும் இழையும் நூல். அறிவுடையோர் இயற்றும் புத்தகமும் நூல். இவ்விரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்ததற்குத் தக்க காரணம் உண்டு என்கிறது நன்னூலின் பாயிரம். சொல்லைப் பஞ்சாகவும், பனுவலை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அவன் மதியைக் கதிராகவும் அது உருவகம் செய்கிறது. அத்துடன் நில்லாமல், தச்சன் பிடிக்கும் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோலக் கற்கும் நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்றும் கூறுகிறது.

இவ்விருவகை நூல்களையும் பொழுதுபோக்காகக் கொள்வது பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். ஒன்று, விஞ்ஞான மர்ம நாவல்களைப் படித்தல். மற்றொன்று, நூலும் ஊசியும் கொண்டு பின்னல் வேலை செய்தல். முன்னதைப் படிப்பைக் கெடுக்கும் கதை என்று பெற்றோர் விலக்குவர். பின்னதை வேலையற்றவர் வேலை என்று இளைஞர் ஒதுக்குவர். இரண்டு கருத்தும் பிழையானவை என்பது என் எண்ணம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு நினைத்தவன்தான். என் எண்ணம் மாறிய விதத்தைச் சொல்லியே தொடங்குகிறேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்து நான் வேலையில் அமர்ந்த புதிது. பத்தாம் வகுப்பில் ஒளிவிலகல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் பாடப் புத்தகத்திற்குள் வேறொரு புத்தகத்தை வைத்துப் படிப்பதைக் கண்டேன். அதைப் பறித்துக்கொண்டு, வகுப்பு முடியும்வரை அவனை நிற்கவைத்தேன். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1897-ஆம் ஆண்டில் வெளியிட்ட, கண்ணுக்குப் புலப்படாத மனிதனைப் பற்றிய நாவலின் தமிழ்ச் சுருக்கம் அது. மாலையில் வீடு திரும்பும்போது பேருந்தில் அதைப் புரட்டத் தொடங்கினேன். நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு ஊர்கள் சென்ற பிறகே தலை நிமிர்ந்தேன்!

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அம்மாணவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்: "சார், உடம்பு முழுவதும் மறைந்துபோனால் கண்ணும் மறைந்துபோகுமே. அப்புறம் அவன் எப்படிப் பார்ப்பான்?" எனக்கு விடை தெரியவில்லை. ஒளிவிலகலைப் பற்றி அந்த வகுப்பில் எழுந்த மிகச் சிறந்த கேள்வி, நான் நிற்கவைத்த மாணவனுடைய உள்ளத்தில்தான் எழுந்திருந்தது.

ரஷ்ய எழுத்தாளர் யாக்கோவ் பெரல்மான் எழுதிய 'பொழுதுபோக்குப் பௌதிகம்' என்னும் நூலில் பின்னர் விடை கிடைத்தது. ஒரு பொருள் நம் கண்ணுக்கு முற்றிலும் புலப்படாமல் இருக்கவேண்டுமானால் அது ஒளியை விழுங்கக் கூடாது, திருப்பி அனுப்பக் கூடாது, வளைக்கவும் கூடாது. ஒளியைப் பொறுத்தவரை அது காற்றைப் போலவே ஆகிவிடவேண்டும். ஆனால் நாம் பார்ப்பது எவ்வாறு? விழிவில்லை ஒளியை வளைத்துக் குவிக்கிறது. விழித்திரை அந்த ஒளியை உறிஞ்சுகிறது. காற்றைப் போல் ஆகிவிட்ட விழிவில்லை ஒளியை வளைக்காது. காற்றைப் போல் ஆகிவிட்ட விழித்திரை ஒளியை உறிஞ்சாது. ஆகவே பிறர் கண்ணுக்குப் புலப்படாத மனிதன் தானும் ஒன்றையும் காண இயலாத குருடனாகவே இருப்பான். வெல்ஸும் இதனை ஓரளவு உணர்ந்திருந்தார் போலும்! கதையில் மறைக்கப்படும் பூனையின் உடல் மறைந்தும், அதன் விழியின் பின்புறப் படலம் மறையாமல் நின்றது என்று எழுதியிருக்கிறார்.

இனி, விஞ்ஞான மர்ம நாவல் என்பது யாது எனக் காண்போம். சாதாரண மர்ம நாவலில் 'இதைச் செய்தவர் யார்?' என்பதே பெரும்பாலும் கேள்வி. விஞ்ஞான மர்ம நாவலில் 'இயற்கையின் எந்த விதியால் இது நிகழ்ந்தது?' என்பது கேள்வி. மறைந்து நிற்கும் குற்றவாளி ஒரு கிருமியாக இருக்கலாம். ஒரு நஞ்சாக இருக்கலாம். ஓர் எந்திரமாகவும் இருக்கலாம். துப்பறிபவர் ஆய்வுக்கூடத்தில் இருப்பார்.

அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் கிரைட்டன் மருத்துவம் பயின்றவர். அவர் 1969-இல் வெளியிட்ட 'ஆண்ட்ரோமிடா ஸ்ட்ரெய்ன்' என்னும் நாவலில், விண்வெளியிலிருந்து இறங்கிய ஒரு துணைக்கோள் சிற்றூர் ஒன்றின் அருகில் விழுகிறது. அதனுடன் வந்த கிருமியால் ஊரே மடிகிறது. பிழைத்தவர் இருவர்: ஒரு கிழவர், ஒரு கைக்குழந்தை. இவ்விருவருக்கும் பொதுவாக இருப்பது என்ன? இதுவே கதையின் முடிச்சு. கிழவர் ஆஸ்பிரின் மாத்திரைகளை அளவின்றி விழுங்குபவர். ஆகவே அவருடைய இரத்தத்தில் அமிலத்தன்மை மிகுந்திருந்தது. குழந்தையோ ஓயாமல் வீறிட்டு அழுதது. அதனால் மூச்சு வழியே கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, அதன் இரத்தம் காரத்தன்மை அடைந்தது. கிருமியோ இயல்பான இரத்தத்தில் மட்டும் வளர்வது. இருவருக்கும் பொதுவாக ஒன்றும் இல்லை. ஆனால் இருவரும் இயல்பு நிலையிலிருந்து எதிர் எதிர்த் திசையில் விலகியிருந்தனர். மனித இரத்தத்தின் 'பி.எச்.' அளவு 7.35 முதல் 7.45 வரை என்னும் குறுகிய எல்லைக்குள் நிற்பது என்று பாடப் புத்தகத்தில் படித்து மறந்துவிடுவோம். இந்தக் கதையைப் படித்தவர் மறப்பதில்லை.

கதை படிப்பதால் பயன் உண்டா என்று வினவுவோருக்கு நான் ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்வது வழக்கம். அகதா கிறிஸ்டி என்னும் எழுத்தாளர் முதல் உலகப் போரின்போது மருத்துவமனையில் மருந்து கலக்கும் பணி புரிந்தவர். அங்கு கற்ற இரசாயனத்தைத் தம் நாவல்களில் பயன்படுத்தினார். 1961-இல் வெளிவந்த 'பேல் ஹார்ஸ்' என்னும் நாவலில், மாந்திரீகத்தால் நிகழ்வதாகத் தோன்றும் மரணங்கள் உண்மையில் 'தாலியம்' என்னும் உலோக நஞ்சால் நிகழ்ந்தவை என்பது வெளிப்படுகிறது. அந்நஞ்சின் அடையாளங்களுள் ஒன்று தலைமயிர் உதிர்தல். 1977-இல் கத்தார் நாட்டிலிருந்து 19 மாதக் குழந்தை ஒன்றை லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நோய் இன்னதென்று மருத்துவர்களுக்கு விளங்கவில்லை. குழந்தையைக் கவனித்துவந்த செவிலியர் அப்பொழுது அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். குழந்தையின் மயிர் உதிர்வதைக் கண்டதும் அவருக்கு ஐயம் எழுந்தது, மருத்துவர்களிடம் சொன்னார். சோதித்துப் பார்த்ததில் தாலியமே காரணம் என்று தெரிந்தது. வீட்டில் பூச்சிகளையும் எலிகளையும் ஒழிக்க வைத்திருந்த மருந்திலிருந்து அது குழந்தையின் உடலில் சேர்ந்திருந்தது. உரிய சிகிச்சையால் குழந்தை உயிர் பிழைத்தது.

ஆனால் நாவலாசிரியர் எழுதிய யாவும் விஞ்ஞானம் ஆகிவிடாது. கிரைட்டன் 1990-இல் எழுதிய 'ஜுராசிக் பார்க்' நாவலில், பிசினுக்குள் உறைந்த கொசுவின் வயிற்றிலிருந்த இரத்தத்தைக் கொண்டு டைனோசர்களுக்கு உயிர் தருகிறார்கள். இது கூடுமா? உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. என்னும் மூலக்கூறு, உயிர் நீங்கியபின் சிறிது சிறிதாக அறுந்துபோவது. நியூசிலாந்தில் அற்றுப்போன மோவா என்னும் பறவையின் எலும்புகளை ஆராய்ந்து 2012-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அவ்வெலும்புகளில் 521 ஆண்டுகளுக்கு ஒருமுறை டி.என்.ஏ. இணைப்புகளில் பாதி அறுந்துபோகின்றன. குளிர் மிகுந்த இடத்தில் இன்னும் நெடுங்காலம் நிற்கும். கிரீன்லாந்தின் உறைமண்ணில் ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டு பழமையான டி.என்.ஏ.வைப் படித்ததாக 2022-இல் அறிவித்தார்கள். டைனோசர்கள் மறைந்ததோ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்! நாவலில் எந்த இழை உண்மை, எந்த இழை புனைவு என்று இவ்வாறு பிரித்துப் பார்ப்பது கதையின் இன்பத்தைக் குறைப்பதில்லை. ஒருமுறை படித்ததை மறுமுறையும் படிக்கத் தூண்டுகிறது.

தமிழில் இத்துறையில் வழி காட்டியவர் சுஜாதா. 1935-இல் பிறந்து 2008-இல் மறைந்த அவர் ஒரு பொறியியலாளர். அவருடைய 'கொலையுதிர் காலம்' நிகழ்ச்சிகளுக்குக் காரணம் ஆவியா, விஞ்ஞானமா என்று வாசகரை ஊசலாட வைப்பது. 1980-களில் அவர் எழுதிய 'என் இனிய இயந்திரா' 2021-ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்தது. அதில் ஜீனோ என்னும் எந்திர நாய் பேசுகிறது, சிந்திக்கிறது. அந்த ஆண்டு வந்து போய்விட்டது. அவர் கண்ட கனவில் எவை மெய்யாயின, எவை ஆகவில்லை என்று நீங்களே ஒரு பட்டியல் எழுதிப் பார்க்கலாம்.

இந்நாவல்களைப் படிக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றில் இரண்டு பங்கு படித்ததும் புத்தகத்தை மூடிவையுங்கள். 'இதற்குக் காரணம் இது' என்று உங்கள் ஊகத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அதற்கு ஆதாரமாக நீங்கள் கண்ட செய்திகளையும் எழுதுங்கள். பிறகு மேலே படியுங்கள். ஊகம் தவறினால் எந்தக் குறிப்பைக் கவனிக்காமல் விட்டோம் என்று திரும்பிச் சென்று தேடுங்கள். விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதுவே.

அடுத்து, பஞ்சால் ஆன நூலுக்கு வருவோம். நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோது கைத்தொழில் வகுப்பில் தக்ளி சுற்றியதுண்டு. கையால் செய்யும் தொழிலின் வழியே கல்வி புகட்டவேண்டும் என்று காந்தியடிகள் 1937-இல் வகுத்த ஆதாரக் கல்வியின் எச்சம் அது. பிறகு ஐம்பது ஆண்டுகள் நூலைத் தொடவில்லை. ஓய்வுபெற்றபின் பேத்திக்குக் குல்லாய் பின்ன ஆசைப்பட்டு, என் துணைவியாரிடம் குரோஷா ஊசி பிடிக்கக் கற்றேன்.

பின்னல் என்பது என்ன? உங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். பருத்தி வேட்டியின் விளிம்பை இழுங்கள், அது நீளாது. பருத்தி பனியனை இழுங்கள். நன்றாக நீண்டு, விட்டவுடன் சுருங்கும். இரண்டும் ஒரே பஞ்சு, வேறுபாடு ஏன்? வேட்டி நெய்யப்பட்டது. அதில் நீளவாட்டில் பாவும் குறுக்கே ஊடையுமாக நூல்கள் நேராகக் கிடக்கின்றன. நேராக இருக்கும் நூலை மேலும் நீட்ட இயலாது. பனியனோ பின்னப்பட்டது. அதில் நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு கண்ணிக்குள் மற்றொரு கண்ணி நுழைந்து நிற்கிறது. இழுத்தால் நூல் நீள்வதில்லை. வட்டமான கண்ணி ஒடுங்கி நீள்வட்டமாகிறது. விட்டால் பழைய வடிவத்தை நாடுகிறது. திருப்பூரில் எந்திரங்கள் பெருமளவில் பின்னித் தள்ளும் துணிக்கும், பாட்டி இரண்டு ஊசிகளால் பின்னும் சட்டைக்கும் அடிப்படை இந்தக் கண்ணியே. இதற்கு முதலில் எந்திரம் கண்டவர் இங்கிலாந்தின் வில்லியம் லீ, ஆண்டு 1589.

இரண்டு ஊசிகொண்டு பின்னும் முறையில் கண்ணி இருவகைப்படும்: முன்புறம் வருவது, பின்புறம் செல்வது. தந்தியில் புள்ளியும் கோடும் போல, கணிப்பொறியில் சுழியும் ஒன்றும் போல, இவ்விரண்டைக்கொண்டே எல்லாக் கோலங்களையும் அமைக்கிறார்கள். இரகசியச் செய்திக்கும் பின்னலுக்கும் உள்ள உறவு கதையில் மட்டும் காண்பது அன்று. இரண்டாம் உலகப் போரில் பிலிஸ் லாட்டூர் என்னும் 23 வயதுப் பெண் 1944 மே மாதம் பிரான்சில் பாராசூட் மூலம் இறங்கி, ஜெர்மானியப் படைகளைப் பற்றி 135 செய்திகளை வானொலியில் பிரிட்டனுக்கு அனுப்பினார். சங்கேதக் குறிகள் அச்சிட்ட பட்டுத் துணியை ஒரு பின்னல் ஊசியில் சுற்றி, தலைமயிரைக் கட்டும் நாடாவினுள் ஒளித்துவைத்திருந்தார். ஊசி வைத்திருப்பதில் பிறர் ஐயுறாதிருக்க, எங்குச் சென்றாலும் பின்னல் வேலையையும் உடன் கொண்டுசென்றார். அவர் 2023-இல், 102-ஆம் வயதில் காலமானார்.

'இது பெண்கள் வேலை அல்லவா?' என்று மாணவர் சிலர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரியில் தாக்கிலே என்றொரு தீவு உண்டு. அங்கே குல்லாய் பின்னுவது ஆண்களின் வேலை. சிறுவர்கள் இளமையிலேயே கற்கிறார்கள். அத்தீவின் துணிக்கலையை 2005-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. ஊசிக்கு ஆண் பெண் வேற்றுமை தெரியாது.

என் குல்லாயின் கதைக்குத் திரும்புகிறேன். குரோஷாவில் வட்டமாகப் பின்னுவதற்கு ஒரு கணக்கு உண்டு. முதற் சுற்றில் 6 கண்ணி, அடுத்து 12, அடுத்து 18, இவ்வாறு சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் தட்டையான வட்டம் கிடைக்கும். வட்டத்தின் ஆரம் ஒரே அளவாகக் கூடும்போது சுற்றளவும் ஒரே அளவாகக் கூடும் என்று நீங்கள் கற்ற கணக்கே அது. கூட்டுவதை நிறுத்தினால் விளிம்பு உள்ளே வளைந்து கிண்ணமாகும், குல்லாய் அதுதான். அளவுக்கு மேல் கூட்டினால் விளிம்புக்கு இடம் போதாமல் அது நெளியும். நான் எண்ணிக்கை தவறிக் கூட்டிக்கொண்டே போனேன். பேத்திக்குக் குல்லாய் வரவில்லை. கோழிக்கொண்டைப் பூ ஒன்று பூத்திருந்தது!

அந்த நெளிவிலும் ஓர் உயர்ந்த கணிதம் இருக்கிறது. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகைக்குக் குறைவாக இருக்கும் ஒருவகை வளைதளத்தை 19-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர்கள் சிந்தித்தார்கள். அதனை மாணவர்களுக்குக் காட்ட நல்ல மாதிரி கிடைக்கவில்லை. காகிதத்தில் ஒட்டிச் செய்தால் எளிதில் கிழிந்துபோயிற்று. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த டைனா டைமினா என்னும் கணித ஆசிரியை 1997-இல் அதைக் குரோஷா ஊசியால் பின்னிக் காட்டினார். சில கண்ணிகளுக்கு ஒன்று வீதம் தவறாமல் கூட்டிச் சென்றால் அத்தளம் தானே உருவாகிறது. நான் பிழையாகச் செய்ததை அவர் ஒழுங்கோடு செய்தார், அவ்வளவே வேற்றுமை.

பன்னிரண்டு சுற்றுகளுக்குக் கீழே என் பிழை இருந்தது. அதை எப்படியாவது மறைத்து மேலே பின்னிவிட முயன்றேன். அருகிலிருந்த என் துணைவியார் பார்த்துவிட்டு, "பிரித்துவிடுங்கள். பிரித்தால் நூல் ஒன்றும் குறைந்துவிடாது" என்றார். மனமில்லாமல் பிரித்தேன். இரண்டு மணி நேர வேலை இரண்டு நிமிடத்தில் உருண்டையாகிவிட்டது. ஆனால் நூல் முழுவதும் என் கையில் இருந்தது. இரண்டாம் முறை பின்னியபோது எண்ணிக்கை தவறவில்லை.

நண்பர்களே, முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களுடன் வாழ்ந்தவன் நான். தவறு செய்த மாணவரைவிட, தவறிவிடுவோமோ என்று அஞ்சிய மாணவரே மிகுதி. ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால் வாழ்வே அறுந்துவிட்டதாகக் கலங்கியவர்களை நான் அறிவேன். அவர்களிடம் அன்று சொல்லத் தெரியாததை இப்பொழுது சொல்கிறேன். விஞ்ஞான நாவலில் முதல் ஊகம் பெரும்பாலும் தவறாகும். கதை அங்கே முடிவதில்லை. ஆய்வாளர் தவறிய இடத்திற்குத் திரும்பி, விட்ட குறிப்பைக் கண்டுபிடித்து, மேலே செல்கிறார். பின்னலிலும் பிழை கண்ட இடம் வரை பிரித்து, அங்கிருந்து மீண்டும் தொடங்குகிறோம். கற்ற கல்வியும் அந்த நூலைப் போன்றதே; பிரித்தாலும் குறையாது.

இவ்விரு பொழுதுபோக்குகளும் ஒன்றுக்கொன்று துணையாவன. நாவல் படிக்கையில் மனம் ஓடும், கை சும்மா இருக்கும். பின்னுகையில் கை ஓடும், மனம் அமரும். இரவில் நாவலின் விறுவிறுப்பால் உறக்கம் கெடுமானால், அதை மாலையில் மூடிவைத்துவிட்டு அரைமணி நேரம் பின்னுங்கள். கைப்பேசியின் திரையில் நிமிடத்திற்கு ஒன்றாகக் காட்சி மாறுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரே நூலை முடிவுவரை விடாமல் பிடிக்கும் பயிற்சி இவ்விரண்டிலும் கிடைக்கும்.

செலவும் அதிகமில்லை. நாவல்கள் பொது நூலகத்தில் கிடைக்கும். பின்னலுக்கு ஒரு பருத்தி நூல் உருண்டையும் ஒரு குரோஷா ஊசியும் போதும். முதலில் இருபது கண்ணிச் சங்கிலி ஒன்று பின்னிப் பாருங்கள். அது கோணலாக வந்தால் பிரித்து மறுபடியும் பின்னுங்கள். வீட்டிலோ தெருவிலோ இக்கலை அறிந்த பெரியவர் ஒருவர் இருப்பார். கேட்டால் மகிழ்ந்து சொல்லித் தருவார்.

என்னைக் கேள்வி கேட்ட அம்மாணவன் இன்று எங்கிருக்கிறான் என்று அறியேன். அவன் கேள்வியால் நான் பெற்றது பெரிது. உங்களுள் எவரேனும் பாடப் புத்தகத்திற்குள் நாவலை ஒளித்துப் படிப்பவராக இருந்தால், அதை வெளியே எடுத்துவையுங்கள். படித்தபின் எழும் கேள்வியை உங்கள் ஆசிரியரிடம் துணிந்து கேளுங்கள். அவருக்கு விடை தெரியாவிட்டால், இருவரும் சேர்ந்து தேடுங்கள்.